அப்டைம் 212 நாள், ஆனால் ஒரு ஆர்டரும் போகவில்லை

மொத்த வியாபாரிகள் ஆர்டர் போடும் தளம் ஒன்றை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு முன்பே ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "தம்பி, ராத்திரியிலிருந்து ஒரு ஆர்டரும் போகலையே" என்றார். சர்வருக்குள் போய், அது எவ்வளவு நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று காட்டும் அப்டைம் கட்டளை போட்டேன்: 212 நாள். சர்வரை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் பிங்கும் பதில் தந்தது. முகப்புப் பக்கமும் திறந்தது. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை.

டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் எதையும் எழுத முடியாமல் நின்றிருந்தது. முகப்பு கேஷிலிருந்து (முன்பே சேமித்த நகல்) வந்ததால் 200, அதாவது 'எல்லாம் சரி' என்ற பதில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அப்டைம் கட்டளையின் அந்த எண் சொல்வது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பூட் ஆகி எவ்வளவு நேரம் என்பதை மட்டும்தான். பிங்குக்குப் பதில் சொல்வதும் அதே கெர்னல்தான். மேலே ஓடுகிற ஆப் செத்துக் கிடந்தாலும் இரண்டும் நன்றாகவே இருக்கும்.

லாக்கைப் பார்த்தேன். நின்றது இரவு 11:40, சரியானது காலை 6:10. மொத்தம் 390 நிமிடம். நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தது 99.9 சதவீத நேரம் தளம் ஓடும் என்று, அதாவது 30 நாள் மாதத்தில் 43 நிமிடம்தான் நிற்கலாம். அந்த மாதம் உண்மையில் 99.1. ரிப்போர்ட்டில் 100 என்று வந்திருந்ததைத் திருத்தித்தான் அனுப்பினேன். வேறு எப்படி அனுப்ப முடியும்?

அப்புறம் சோதனையையே மாற்றினேன். டேட்டாபேஸில் ஒரு வரி எழுதி, அதையே திரும்பப் படித்துக் காட்டும் சின்னப் பக்கம். வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு இடங்களிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கூப்பிட்டுப் பார்க்கிறோம். இரண்டிலும் அடுத்தடுத்து இருமுறை தோற்றால்தான் அலாரம், ஆனால் நின்ற நேரம் முதல் தோல்வியிலிருந்தே எண்ணப்படும். சோதிக்கும் இயந்திரமே நின்றுபோனால் அந்த நேரத்தைத் 'தெரியாது' என்று தனியாக வைக்கிறேன், 'ஓடியது' என்று சேர்ப்பதில்லை.

இதைப் படித்த ஒருவர் எழுதியதும், என் பதிலும்:

— அண்ணே, எங்கள் கதை நேர்மாறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதனை. தினமும் இரவு 2:01க்கு சர்வர் ரீபூட் ஆகி, 2:04க்குத் திரும்ப வந்துவிடும்; யாரோ எப்போதோ கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) போட்டுவிட்டுப் போனது. 2:00 சோதனையும் பச்சை, 2:05 சோதனையும் பச்சை. மாதம் 90 நிமிடம் போனது கணக்கிலேயே வரவில்லை. காட்டிக்கொடுத்தது அப்டைம் கட்டளைதான்: எப்போது பார்த்தாலும் ஒரு நாளைத் தாண்டவே இல்லை. அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

— சரி தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே அந்த எண்ணையும் சோதனைப் பக்கத்தில் சேர்க்கிறேன். முந்தைய சோதனையை விடக் குறைந்திருந்தால், நடுவில் ஒரு ரீபூட் நடந்திருக்கிறது என்று எழுதிவைத்துவிடும்.