டஃபர்ஸ் ட்ரிஃப்ட்: கதை படிச்சு போர் கத்துக்க முடியுமா?

வைகைக்கரையான்:
எர்னஸ்ட் ஸ்விண்டன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ எஞ்சினியர், 1868ல பெங்களூர்ல பிறந்தவர், தென்னாப்பிரிக்கால போயர் போர்ல (போயர்னா அங்க குடியேறின டச்சு வம்சாவளி விவசாயிங்க) சண்டை போட்டுட்டு வந்து 1904ல புனைபெயர்ல ஒரு குட்டிக் கதை எழுதினாரு, 'டிஃபென்ஸ் ஆஃப் டஃபர்ஸ் ட்ரிஃப்ட்'. ஒரு இளவட்ட லெப்டினன்ட் ராத்திரி ஆறு கனவு காண்றான், அதுல அவனை 50 பேரோட ஒரு ஆத்துத்துறையைக் காக்கச் சொல்லி விட்டுட்டுப் போயிடுறாங்க. ஆறு கனவுலயும் அதே துறை அதே வேலை, முதல் அஞ்சுலயும் தோத்துப்போறான், தோத்ததுல கத்துக்கிட்டது மட்டும் அடுத்த கனவுக்குக் கூடவே வருது, மொத்தம் 22 பாடம். பத்து மேனுவல் படிக்கிறதுக்கு இந்த ஒண்ணு போதும்னு அடிச்சுச் சொல்வேன். உங்க கருத்து?

தராசுமுள்:
நான் ஒத்துக்க மாட்டேன். மேடு எங்க, ஆறு எங்க, எதிரி எப்ப வரணும் எல்லாமே எழுதினவர் முடிவு பண்றது. ஆறு கனவுலயும் பாடம் கத்துக்கிறது லெப்டினன்ட் மட்டும்தான், போயர் தளபதி ஒண்ணுமே கத்துக்கல. நிஜத்துல அவனும்தானே நேத்து நடந்ததை வெச்சு இன்னைக்குத் திட்டம் போடுவான்? எதிரி மாறவே மாட்டான்னு நினைக்கிற பழக்கத்தைத்தான் இது வளர்க்கும்.

சுபேதார்_ஓய்வு:
தம்பி, நான் சர்வீஸ்ல இருந்தவன், சொல்றேன் கேளுங்க. கிளாஸ்ல "எந்தப் பக்கம் இருந்தும் தாக்குதல் வரலாம்"னு சொன்னா பசங்க நோட்ல எழுதிக்குவாங்க, அதோட மறந்துடுவாங்க. இந்தக் கதையில ஒரு கனவுல அவன் எதிரி வடக்கேதான் இருக்கான்னு வடக்கே பார்த்துப் பள்ளம் வெட்டி உக்காந்திருக்கான், குண்டு முதுகுப் பக்கமா வருது. படிச்சவன் அடுத்த தடவை மண்வெட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான், அது போதும் எனக்கு.

இன்னொண்ணு, அதே போர்ல 1899 டிசம்பர்ல மாகர்ஸ்ஃபான்டைன்ங்கிற இடத்துல பிரிட்டிஷ் பீரங்கி குன்று உச்சியைப் பாத்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, போயர்கள் குன்று அடிவாரத்துல பள்ளம் வெட்டி ஒளிஞ்சிருந்தாங்க, விடியக்காலைல நெருங்கி வந்த ஸ்காட்லாந்து படை அப்படியே சரிஞ்சுது. ஒரே வாரத்துல மூணு தோல்வி பிரிட்டிஷ்காரங்களுக்கு. ஆறாவது கனவுல லெப்டினன்ட் மேட்டை விட்டுட்டு ஆத்துக்குள்ளயே கரை ஓரமா பதுங்கி ஜெயிக்கிறானே, போயர்கிட்ட அடி வாங்கிக் கத்துக்கிட்டதுதான் அது. ஆகாயத்துல இருந்து பிடிச்ச கற்பனை இல்ல.

செங்காந்தள்:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்ல. அந்தப் பாடங்கள்ல அக்கம்பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களைப் பிடிச்சு வெச்சுக்கணும்ங்கிறதும் இருக்கு. உள்ளூர் கறுப்பின மக்களை இழுத்துட்டு வந்து பள்ளம் வெட்ட விடுறான், அதைப் பத்தி அவனுக்கு ஒரு உறுத்தலும் இல்ல. அதே போர்ல பிரிட்டிஷ்காரங்க பண்ணைகளை எரிச்சு ஜனங்களை முகாம்ல அடைச்சாங்க, போயர் பொம்பளைங்க குழந்தைங்க மட்டும் 26,000 பேருக்கு மேல நோயிலயும் பட்டினியிலயும் செத்தாங்க, கறுப்பின மக்களுக்குத் தனி முகாம், அங்கயும் ஆயிரக்கணக்குல சாவு. எமிலி ஹாப்ஹவுஸ்னு ஒரு பிரிட்டிஷ் சமூக சேவகி நேர்ல போய்ப் பார்த்து 1901லயே அறிக்கை கொடுத்துட்டாங்க. 1904ல எழுதினவருக்கு இது தெரியாம இருக்குமா?

வைகைக்கரையான்:
தோழர், காரணம் கதைக்குள்ளயே இருக்கு. முதல் கனவுல பண்ணைக்காரங்க பால் முட்டை வெண்ணெய் விக்க வந்து கேம்ப்பை நல்லா சுத்திப் பார்த்துட்டுப் போறாங்க, மறுநாள் விடியக்காலைலயே அடி விழுது. தகவல் வெளிய போகக்கூடாதுன்னுதான் பிடிச்சு வைக்கிறான், பழி வாங்க இல்ல.

செங்காந்தள்:
அதைத்தான் நானும் சொல்றேன். கதையில வர்ற குடும்பம் உளவு சொல்லுது, அதனால படிக்கிற இருபது வயசுப் பையனுக்கு முட்டை விக்க வர்ற எல்லாருமே உளவாளியாத் தெரிவாங்க. கதை மனசுல ஒட்டிக்கும்னு சுபேதார் ஐயா சொன்னாரு இல்லையா, இதுவும்தான் ஒட்டிக்கும்.

சுபேதார்_ஓய்வு:
சரியான கேள்விம்மா. 2009ல அமெரிக்க ராணுவ ஆபீசர் ரெண்டு பேரு அதே கனவு முறையில ஈராக்கை வெச்சு ஒரு கதை எழுதினாங்க, அதுல ஊர் ஜனங்களை எப்படி நடத்துறோம்ங்கிறதுலதான் பாதி வெற்றி தோல்வியே இருக்கு. அதே புத்தகத்துல ஸ்விண்டன் கதையையும் சேர்த்துத்தான் போட்டிருக்காங்க. முறை நல்ல முறை, என்ன பாடம் வைக்கிறோம்ங்கிறதை நம்ம காலத்துக்கு மாத்திக்கலாம்.

தராசுமுள்:
மாத்தினாலும் என் கேள்வி அப்படியேதான் நிக்குது ஐயா. எதிரிக்கும் ஆறு கனவு கொடுத்து ஒருத்தர் எழுதட்டும், அப்புறம் பேசலாம்.

செங்காந்தள்:
அந்தப் பண்ணைக்காரப் பொம்பளைக்கும் ஒண்ணு கொடுக்கட்டும். ஆம்பளைங்களைப் பிடிச்சு வெச்சுட்டு வீட்டு வாசல்ல சிப்பாய் நிக்கிறப்போ அவ என்ன பண்ணுவா, ஓடுவாளா, தகவல் சொல்லப் போவாளா, குழந்தைக்குப் பால் கேட்டு நிப்பாளா? லெப்டினன்ட் ஆறு தடவை யோசிச்சான், அவ பக்கத்துல இருந்து ஒரு தடவைகூட யோசிக்கல.