பண்ணை விலங்குகளுக்கான பிரசாரத்தில் தன்னார்வலராகச் சேரலாமா?

மாலைவெயில்:

வணக்கம். கோழி, பன்றி, மாடு இவற்றைப் பண்ணைகளில் நல்லபடி நடத்த வேண்டும் என்று பிரசாரம் செய்யும் ஒரு குழு தன்னார்வலர்களைத் தேடுகிறது. சேரலாமா என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வார இறுதியில் சில மணி நேரம்தான் ஒதுக்க முடியும். தயக்கம் என்னவென்றால் நான் முட்டை, பால் எல்லாம் சாப்பிடுகிற ஆள், அப்படி இருந்துகொண்டு இன்னொருவருக்கு இதை எப்படிச் சொல்வது? அப்புறம் இறைச்சிக்கூட வீடியோக்களை என்னால் பார்க்கவே முடியாது, பாதியில் மூடிவிடுவேன். தெருவில் நின்று முன்பின் தெரியாதவர்களிடம் வாதாடவும் வராது. இப்படிப்பட்டவருக்கு அங்கே உருப்படியாக வேலை இருக்குமா, இல்லை துண்டுப் பிரசுரம் கொடுக்க ஆள் சேர்க்கிறார்களா? இதையெல்லாம் செய்து ஒரு கோழிக்காவது நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நல்ல காரியம் செய்கிறோம் என்ற திருப்திக்காக மட்டும் நான் வர நினைக்கவில்லை.

கம்பிக்கு வெளியே:

தாராளமாகச் சேருங்கள், ஆனால் சேரும் முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் யாரிடம், எதை, எந்தத் தேதிக்குள் கேட்கிறீர்கள்? "விலங்குகள் மீது கருணை வளர்க்கிறோம்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். "இந்த ஓட்டல் குழுமம் கூண்டுக்கோழி முட்டை வாங்குவதை இன்ன தேதியோடு நிறுத்த வேண்டும்" என்று வந்தால் அவர்களுக்கு வேலை தெரியும் என்று அர்த்தம். தெருவில் போகிற நூறு பேரின் மனதை மாற்றுவதைவிட, முட்டையை மொத்தமாக வாங்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நச்சரிப்பது எத்தனையோ மடங்கு பலன் தரும், அந்த ஒரு கையெழுத்துக்குப் பின்னால் லட்சக்கணக்கான கோழிகள் இருக்கலாம்.

மாறியிருக்கிறதா என்றால், மாறியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1992-லேயே கூண்டு முறை முடிவுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் சட்டம் போட்டு 2012 ஜனவரியில் பழைய வகைக் கூண்டுகளைத் தடை செய்தது. தடைக்கு முந்தைய வருடங்களில் ஒரு கோழிக்குச் சட்டப்படி தர வேண்டிய இடமே 550 சதுர சென்டிமீட்டர்தான், ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. அதில் முழு வாழ்க்கை, சிறகை விரிக்க வழியில்லை. பிரிட்டனில் சினைப்பன்றியைத் திரும்பக்கூட முடியாத தனிக்கூண்டில் அடைப்பது 1999-ல் நின்றது (ஒரு சினைக்காலம் 114 நாள், யோசித்துப் பாருங்கள்). கலிஃபோர்னியாவில் 2008, 2018 என இரண்டு முறை மக்கள் நேரடியாக வாக்களித்துக் கூண்டுகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதை எதிர்த்துப் பன்றி வளர்ப்பாளர்கள் சங்கம் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-ல் தோற்றது. வாக்கெடுப்புக்கு விஷயத்தைக் கொண்டுபோக வேண்டுமென்றாலே முதலில் கையெழுத்து திரட்ட வேண்டும், அதற்கெல்லாம் உங்களைப் போன்றவர்கள்தான் தேவை.

முட்டை சாப்பிடுவது ஒரு தடையே இல்லை. சொல்லப்போனால் நிறுவனங்கள் பயப்படுவது தன் பொருளை வாங்குகிறவருக்குத்தான், வாங்காதவர் கோபித்துக்கொண்டால் அவர்களுக்கு என்ன நஷ்டம்? வீடியோ பார்த்தே ஆகவேண்டும் என்று புதிதாக வந்தவர்களைக் கட்டாயப்படுத்தும் குழு என்றால் வேறு குழுவைப் பாருங்கள். கடிதம் எழுதுவது, மொழிபெயர்ப்பது, போஸ்டர் வடிவமைப்பது, வாக்குறுதிகளைக் கண்காணிப்பது என்று வாதாடத் தேவையில்லாத வேலைகள்தான் அதிகம். அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

முழுவிடுதலை:

எனக்கு இதில் உடன்பாடில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கூண்டை எடுத்துவிட்டு அட்டைப்பெட்டியில் சந்தோஷமான கோழிப் படம் போட்டு விற்கிறார்கள், வாங்குகிறவர் மனசாட்சி தூங்கிவிடுகிறது. கூண்டில்லாப் பண்ணைக்கும் குஞ்சு அதே பொரிப்பகத்தில் இருந்துதான் வருகிறது. முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சு முட்டையிடாது, கறிக்கும் லாபமில்லை, அதனால் பொரித்த அன்றே அரைத்தோ வாயு செலுத்தியோ கொன்றுவிடுகிறார்கள். கூண்டு பற்றிய பிரசாரத்தில் இந்தக் குஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று மாலைவெயில் பார்த்துச் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்:

முழுவிடுதலை சொல்வது உண்மை, ஆனால் அதையும் கையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2022 முதல் ஜெர்மனியில் சேவல் குஞ்சுகளைக் கொல்லத் தடை இருக்கிறது. அடைகாக்கும் கட்டத்திலேயே முட்டைக்குள் இருப்பது பெட்டையா சேவலா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டதால்தான் அது சாத்தியமானது.

நான் சொல்ல வந்தது வேறு. கூண்டைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற தன்னார்வலர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கொட்டகையில் திறந்துவிட்டு மேலாண்மை சரியில்லை என்றால் ஒன்றையொன்று கொத்திக் குதறும், ஏதாவது சத்தத்துக்கு மிரண்டு ஒரு மூலையில் குவிந்து அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகும், கூளம் ஈரமானால் அம்மோனியா வாடையில் கண் எரியும், உயரத்தில் இருக்கும் கம்பிலிருந்து தப்பாக இறங்கி நெஞ்செலும்பு முறியும். முட்டை ஓட்டுக்கே உடம்பின் சுண்ணாம்புச் சத்தெல்லாம் போய்விடுவதால் இந்தக் கோழிகளுக்கு எலும்பு பலவீனம், எந்த முறையில் வளர்த்தாலும் முறிவு உண்டு. அதற்காகக் கூண்டு நல்லது என்று நான் சொல்லவில்லை. கூண்டில் மண்குளியல் கிடையாது, முட்டையிட மறைவிடம் கிடையாது, அந்தக் குறையை எந்தப் பராமரிப்பாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் கோரிக்கை வைக்கும்போது கூண்டோடு நிறுத்தாமல் முட்டையிடும் பெட்டி, உட்காரும் கம்பு, கூளம், ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லாரும் முட்டைக்கோழியையே பேசுகிறீர்கள், கறிக்கோழியைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் கூண்டில் இருப்பதே இல்லை, கொட்டகைத் தரையில்தான் இருக்கிறது, அதனால் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதன் கஷ்டம் இனத்திலேயே இருக்கிறது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறும்படி தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம், கால் தாங்காது, இதயம் தாங்காது. மெதுவாக வளரும் இனம், ஒரு சதுர மீட்டர் இடத்தில் மொத்தம் 30 கிலோ எடைக்கு மேல் கோழிகளை அடைக்காமல் இருப்பது, இந்த இரண்டும்தான் அங்கே முக்கியம். ஐரோப்பியச் சட்டம்கூட நிபந்தனைகளோடு 42 கிலோ வரை அனுமதிக்கிறது.

இன்னொன்று, பண்ணைக்காரரை எதிரியாக்காதீர்கள். பல இடங்களில் குஞ்சும் தீவனமும் நிறுவனம் தரும், கொட்டகையும் உழைப்பும் கடனும் அவருடையது. எத்தனை குஞ்சு இறக்குவது, எந்த இனம், எப்போது ஏற்றுவது என எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. யாராவது "வாங்க, உள்ளே போய் படம் எடுக்கலாம்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். அத்துமீறல் வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் செருப்பிலேயே பறவைக் காய்ச்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

மாலைவெயில்:

எல்லாருக்கும் நன்றி. சேவல் குஞ்சு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. முழுவிடுதலை, குழுவின் தாள்களில் தேடினேன், இல்லை, கேட்டிருக்கிறேன். டாக்டர் ஐயா, கறிக்கோழி பற்றிச் சொன்னதை அப்படியே அவர்களுக்கு அனுப்பலாமா? இன்னொரு சந்தேகம், நிறுவனம் சரி என்று அறிக்கை விட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்:

அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை:

இருந்தால் என்ன, அப்படித்தான் இருப்பார்கள்! ஐரோப்பாவில் கூண்டுகளை அடியோடு ஒழிக்கச் சொல்லி சுமார் 14 லட்சம் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். 2023 முடிவதற்குள் சட்ட முன்மொழிவு வரும் என்று 2021-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது, 2023 போயே போய்விட்டது, முன்மொழிவு வரவில்லை. அரசாங்கமே அப்படி என்றால் 2025-க்குள் மாறிவிடுவோம் என்று அறிக்கை விட்ட உணவு நிறுவனங்களைச் சொல்லவா வேண்டும்.

அதனால் உங்களைப் போல வாதாடப் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்லும் வேலை இதுதான், கண்காணிப்பு. எந்த நிறுவனம் எப்போது என்ன சொன்னது, இந்த வருட அறிக்கையில் எத்தனை சதவீதம் காட்டியிருக்கிறது என்று ஒரு எக்செல் தாளில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தேதி தவறியவரிடம் அந்தத் தாளைக் காட்டினால் அவருடைய முகம் மாறும். வாக்குறுதியின் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள், சூட்சுமம் அங்கேதான். ஓட்டோடு வாங்கும் முட்டைக்கு மட்டும் பொருந்தும் என்று எழுதிவிட்டு, பிஸ்கட்டிலும் மயோனைஸிலும் போகும் திரவ முட்டையையும் முட்டைப் பொடியையும் விட்டுவிடுவார்கள். சில நாடுகளுக்கு மட்டும் பொருந்தும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். "கிடைப்பதைப் பொறுத்து" என்று இருந்தால் அது வாக்குறுதியே இல்லை. போன வருட அறிக்கையைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவதும் உண்டு, அதனால் பார்த்தவுடன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

முழுவிடுதலை:

அந்த எக்செல் தாளில் பொரிப்பகத்துக்கும் ஒரு பத்தி போடுங்கள். ஜெர்மனியில் தடை என்பது அங்கே கொல்லத்தான், எல்லைக்கு அப்பால் பொரித்த குஞ்சை வாங்கிவர அந்தச் சட்டத்தில் தடை இல்லை. குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டால் நானும் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், கொள்கை வேறுபாடு இருந்தாலும் பரவாயில்லை.