சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, வழி சொல்லுங்கள்

தோழர்களே, வணக்கம். ஓசூர் பக்கம் ஒரு உதிரிபாக ஆலையில் வேலை செய்கிறேன். போனஸ் பேச்சில் தொடங்கிய மனக்கசப்பில் சங்கம் உடைந்து, செயலாளர் தரப்பு தனிச் சங்கம் ஆரம்பித்துவிட்டது. கேண்டீனில்கூட இப்போது தனித்தனி மேசை. பத்து வருடம் ஒரே மெஷினில் நின்றவர்கள் முகம் பார்ப்பதில்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்புப்படி, பல சங்கங்கள் இருந்தால் குறைந்தது 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கமே நிர்வாகத்துடன் தனித்துப் பேசலாம். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். சரி, எங்களில் பலர் பயத்தில் இரண்டு பக்கமும் சந்தா ரசீது வாங்கியிருக்கிறோம். அப்புறம் ஆதரவை எப்படிக் கணக்கிடுவார்கள்? ரகசிய வாக்கெடுப்பு கேட்க முடியுமா? ஊதிய ஒப்பந்தம் முடியப்போகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.