உச்ச வருமான வரி குறைந்தால் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு இழப்பு?

கேள்வி (கோத்தகிரி):
2023 பட்ஜெட்டில், வருமான வரியின் புதிய முறையில் 5 கோடிக்கு மேலான வருமானத்துக்கு சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 37%லிருந்து 25% ஆனது. 2025ல் ஸ்லாப் (வருமான அடுக்குக்கேற்ற வரி விகிதம்) மாறியதில் சுமார் 1 லட்சம் கோடி போகும் என்றார் நிதியமைச்சர். இதில் தமிழ்நாட்டின் தலையில் விழுவது எவ்வளவு? கணக்குப் போடும் வழி வேண்டும். இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இதில் சலுகை உண்டா?

பதில் (குன்னூர்):
ரெண்டையும் ஒண்ணா சேர்க்காதீங்க சார். சர்சார்ஜ், செஸ் (வரியும் சர்சார்ஜும் சேர்ந்த தொகை மேல 4%) எதுவும் மாநிலங்களுக்குப் பங்கு வராது. 6 கோடி வருமானத்துக்கு 2023-24ல் அடிப்படை வரி 1.77 கோடி. சர்சார்ஜ் 12 புள்ளி குறைஞ்சதில் 21.24 லட்சம், செஸ்ஸோட 22.09 லட்சம் மிச்சம். அது முழுக்க டெல்லி கஜானாவில் விழுந்த ஓட்டை.

ஸ்லாப் அப்படி இல்லை. 1 லட்சம் கோடியை 1.04ஆல் வகுத்தா செஸ் போய் 96,154 கோடி. அதில் மாநிலங்களுக்கு 41%, அதாவது 39,423 கோடி. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிச்சுச் சொல்ற 15ஆவது நிதிக்குழுப்படி (2021-26) நம்ம பங்கு 4.079%: சுமார் 1,608 கோடி. அந்த 1 லட்சம் கோடிக்குள்ள சர்சார்ஜும் கலந்திருக்கும், வசூல் செலவும் கழியும். அதனால 1,600க்குக் கீழேன்னு வையுங்க.

பலர் தவறவிடறது ஒண்ணு: கீழ் ஸ்லாபைக் குறைச்சா மேல இருக்கிறவருக்கும் குறையும். 24 லட்சத்துக்கு வரி 4.10 லட்சத்திலிருந்து 3 லட்சம் ஆச்சு. 5 கோடிக்காரருக்கும் அதே 1.10 லட்சம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 1.43 லட்சம்.

பதில் (ஊட்டி):
மிச்சப் பணம் செலவாகி ஜிஎஸ்டியா திரும்பிடும்னு சொல்வாங்க, நம்பாதீங்க. 1 லட்சத்தையும் 18% பொருளுக்கே செலவழிச்சாலும் அந்தத் தொகைக்குள்ள அடங்குற வரி 15,254 தான். கடையும் வாங்குறவரும் தமிழ்நாட்டில் இருந்தா அதில் பாதி, 7,627, மாநிலத்துக்கு. மேல்தட்டில் மிச்சமாகிறதுல பெரும்பகுதி டெபாசிட்டுக்கும் பங்குக்கும் போகும்; அங்க ஜிஎஸ்டி ஏது?

பதில் (கோத்தகிரி):
தொழிற்சாலை கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனமா இருந்தா இந்தச் சலுகை கிடையாதுங்க. அதுக்கு ஸ்லாபே இல்லை, நேரா 30%. 1 கோடி தாண்டினா 12% சர்சார்ஜ். தனிநபர் பேர்ல இருந்தா ஸ்லாப் பொருந்தும். சொந்தத் தோட்டத்து இலையை அரைச்சா லாபத்தில் 40%க்குத்தான் வருமான வரி. வெளி இலை வாங்கி அரைச்ச லாபத்துக்கு முழுசா வரி. பச்சைத் தேயிலையை அப்படியே விக்கிற சிறு விவசாயிக்கு அது விவசாய வருமானம், வரியே இல்லை.