டெல்லி பல்கலைக்கழக வடக்கு வளாகம் பக்கம் அறை, உதவித்தொகை விவரம் தெரிந்தவர் தேவை

டெல்லித் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கத்து இருளர் பழங்குடிப் பெண் ஒருத்தி இங்கே எம்.ஏ. முதலாண்டு படிக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

விடுதியில் இடம் கிடைக்கவில்லை. பிஜி (பேயிங் கெஸ்ட்) வாடகை கட்டுப்படியாகவில்லை. எங்கள் மயூர் விஹார் வீட்டில் தங்கலாம்தான், ஆனால் நூலகம் முடித்து இரவில் அவ்வளவு தூரம் வருவது சிரமம். விஜய் நகர், கமலா நகர், முகர்ஜி நகர் பக்கம் குறைந்த வாடகையில் பெண்களோடு பகிர்ந்துகொள்ள இடம் இருந்தால் சொல்லுங்கள்.

பெரிய தலைவலி போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான அரசு உதவித்தொகை. பழங்குடி மாணவர்கள் வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம் வழியாகத்தான் அது வரும். வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம், அவள் குடும்பம் அதற்கு வெகு கீழே. ஆனாலும் கல்லூரியைக் கேட்டால் சென்னையைக் கேள் என்கிறார்கள், சென்னையில் கல்லூரி சரிபார்க்கவில்லை என்கிறார்கள். வெளிமாநிலத்தில் படித்து இதை வாங்கியவர்கள் யாராவது உண்டா? யாரிடம் பேசினீர்கள்?

அப்புறம், வகுப்பில் சிலர் "எத்தனை மார்க்குக்கு சீட் கிடைத்தது?" என்று அடிக்கடி கேட்கிறார்களாம். பழங்குடியினருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டம் தந்த இடம், இவர்கள் வீட்டுச் சொத்தா என்ன! 2012 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பாகுபாடு எதிர்ப்பு அலுவலரிடம் புகார் தரலாம் என்றேன். இப்போதைக்கு வேண்டாம் என்கிறாள். அங்கே படிக்கும் பழங்குடி மாணவிகள் யாராவது அவளோடு பேசினால் நல்லது.

பணம் அனுப்ப வேண்டாம். தகவல் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.