சிங்கக் குட்டிங்கள்ல பாதி கூட தேறாதாமே, நெஜமாவா?

தூங்காத ராசா:
ஒரு வாரமா கென்யா மசாய் மாரா காட்டுல இருக்கற மார்ஷ்ங்கற சிங்கக் கூட்டத்தோட வீடியோவா தேடித்தேடி பாத்துட்டு இருக்கேன், முஸியாரா சதுப்பு நிலத்த ஒட்டி இருக்கறதால அந்தப் பேராம். எம்பொண்ணு ரெண்டாங்கிளாஸ், அவளும் கூட ஒக்காந்துக்குவா. நேத்து வேற ஏதோ கூட்டம் ஓடுச்சு, வெளியில இருந்து வந்த ரெண்டு ஆண் சிங்கம் குட்டிங்கள கவ்வி ஒதறிப் போட்டுச்சு, புள்ள அப்படியே எந்திரிச்சு உள்ள போயிட்டா, ராத்திரி சாப்புடவும் இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொஞ்ச நாள்லயே அந்தத் தாய் அதே ஆண் கூட சுத்துது, இது என்ன கணக்கு? அத்தன பொம்பள சிங்கம் இருந்தும் ஏன் காப்பாத்த முடியல? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

புல்வெளி மணி:
நெஜம்தான் ப்ரோ. ரெண்டு வயசு தாண்டறது பாதிக்கும் கம்மி. பக்கத்துல தான்சானியா செரெங்கெட்டியில 1966ல இருந்து சிங்கங்கள விடாம கவனிச்சுட்டு வர்றாங்க, நாம பேசறதெல்லாம் பெரும்பாலும் அங்க தெரிஞ்சுக்கிட்டதுதான். ஒரு ஆண் கோஷ்டி ஒரு கூட்டத்த கையில வச்சிருக்கறதே ரெண்டு மூணு வருஷம். குட்டி உசுரோட இருந்தா தாய் அடுத்த ஈத்துக்கு ரெண்டு வருஷம் ஆக்கும், வந்தவனுக்கு அவ்வளவு நாள் ஏது? குட்டி செத்துட்டா சில நாள்லயே அவ இணைக்கு தயாராயிடுவா. ஆனா இதுல ஒரு விஷயம், இணை சேந்தாலும் உடனே சூல் பிடிக்காது, மாசக்கணக்கா இழுக்கும். வந்தவன் நெலச்சு நிப்பானா, இல்ல இவனயும் வேற எவனாவது தொரத்துவானான்னு தெரியறதுக்குள்ள இன்னொரு ஈத்து வேஸ்ட் ஆகக்கூடாதுல்ல.

அப்பறம் பொம்பளைங்க சும்மா இல்ல ப்ரோ. பெரும்பாலும் ஒரே சமயத்துல ஈனி குட்டிங்கள ஒண்ணா வளக்கும், யார் குட்டி யார்கிட்ட பால் குடிச்சாலும் பெருசா தொரத்தாது. ஸ்பீக்கர்ல அன்னிய ஆணோட கர்ஜனைய போட்டுப் பாத்திருக்காங்க, கேட்டதும் குட்டிய கூட்டிக்கிட்டு நகந்துடும். குட்டியோட அப்பன் கொரல போட்டா திரும்பிக்கூட பாக்காது. நாலஞ்சு பேர் சேந்தா எதுத்து நிக்கும், ஒத்தையா மாட்டுனா முடியாது, ஆண் எடையில ஒண்ணரை மடங்கு இருப்பான்.

நைரோபி முன்னாள்:
நான் நாலு வருஷம் நைரோபில வேல பாத்தேன், மாராவுக்கு மூணு தடவ போயிருக்கேன். ஒரு தடவ விடியக்காலைல டிரைவர் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு கைய காட்டுனாரு, ஒரு தாய் பொதருக்குள்ள இருந்து குட்டிய பிடரில கவ்விக்கிட்டு வருது, குட்டி கால மடக்கிட்டு தொங்குது, சத்தமே இல்ல. ஓடைய தாண்டி விட்டுட்டு வந்து ரெண்டாவதையும் தூக்கிட்டு போச்சு. அப்பறம் மூணாவது தடவையும் வந்துச்சு. வந்து அந்த காலி எடத்தயே மோந்து மோந்து பாத்துட்டு, கொஞ்ச நேரம் நின்னுட்டு போயிடுச்சு. எண்ணத் தெரியாதோ, இல்ல மூணாவது ஒண்ணு இருந்துச்சோ, டிரைவருக்கும் தெரியல. பொறந்து ஆறு எட்டு வாரம் கூட்டத்துக்கிட்டயே கொண்டு போகாதாம், வாடை பிடிச்சு கழுதைப்புலி வந்துடும்னு எடம் மாத்திக்கிட்டே இருக்கும். தாய் வேட்டைக்கு போற நேரத்துல குட்டிங்கள காட்டெருமை பாத்தா மிதிச்சே கொன்னுடும், இத யாரும் சொல்றதில்ல.

கறிவேப்பில:
பசியும் இருக்கு சகோ. வில்டபீஸ்ட்ங்கற பெரிய மான் கூட்டம் எடம் பேந்து போனதும் இரை கம்மி, கெடைக்கறத பெருசுங்க மொதல்ல தின்னும், தாயே குட்டிய அறஞ்சு தள்ளும். தாய்ப்பாசம்னு மியூசிக் போட்டு காட்டறவங்க இந்த சீனை வெட்டிடறாங்க.
மார்ஷ் கூட்டத்துக்கு பெரிய அடியே மனுஷன் கையாலதான் விழுந்துச்சு. 2015 டிசம்பர்ல சிங்கம் மாட்ட அடிச்ச கோவத்துல செத்த மாட்டுல பூச்சி மருந்து வச்சுட்டாங்க, பீபின்னு 17 வயசு கெழட்டு சிங்கம் செத்துச்சு, பாறுக் கழுகும் செத்துச்சு. மாடு மேய்க்கறவன மட்டும் திட்டறதுல எனக்கு உடன்பாடில்ல, ஒரு மாடு போச்சுன்னா அவன் வீட்டு வருமானமே போச்சு. அதே கென்யாவுல ரிச்சர்ட் டுரேரேன்னு ஒரு மசாய் பையன் பட்டியச் சுத்தி மின்னி மின்னி எரியற லைட் வச்சு சிங்கத்த விரட்டுனான், அந்த மாதிரி வழிதான் வேணும்.

தூங்காத ராசா:
எல்லாருக்கும் நன்றி. நம்ம கிர் காட்டுலயும் இப்படித்தானா?

புல்வெளி மணி:
கிர்ல கதை வேற ப்ரோ. அங்க இரை பெரும்பாலும் புள்ளிமான் சைஸ், அதனால ஆணுங்க தனியா, பொம்பளைங்க தனியா சுத்தும், பெரிய இரை கெடச்சாலோ இணை சேரவோ மட்டும்தான் ஒண்ணு கூடும். ஒரு பொம்பள சிங்கம் அக்கம்பக்கத்து எதிரி கோஷ்டி ஆணுங்க பலபேரோட சேந்துடும், அவனவன் தன் குட்டின்னு நெனச்சு விட்டுடுவான். பலே கெட்டிக்காரி. ஆனா 2018ல கிர்லயே தல்கானியா பக்கம் கொஞ்ச நாள்லயே 23 சிங்கம் செத்துச்சு, நாய்கிட்ட இருந்து வர்ற டிஸ்டெம்பர் வைரஸும் அதுல ஒரு காரணம். 2025 கணக்கெடுப்புல 891, எல்லாம் குஜராத்துக்குள்ளயே.

தூங்காத ராசா:
பொண்ணுகிட்ட அந்த கெட்டிக்காரி கதைய பக்குவமா சொல்லிப் பாத்தேன். "அப்போ அந்த மூணாவது குட்டி எங்கப்பா?"ன்னு கேக்கறா. நைரோபி அண்ணே, நீங்கதான் பதில் சொல்லணும்.