சூடானா பெட்ரோல் பம்ப் நின்னுடுது, ஆறினா ஓடுது. பம்ப் மாத்தணுமா, ஒயரிங் பார்க்கணுமா?

மணப்பாறை_வண்டி

வணக்கம் எல்லாருக்கும். என் வண்டி 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நான் ரெண்டாவது ஓனர். முதல் ஓனர் எல்பிஜி கிட் போட்டு ஓட்டியிருக்கார், விக்கும்போது அதை கழட்டிட்டு ஆர்சியிலயும் பெட்ரோல்னே மாத்தி குடுத்துட்டார். பிரச்சினை என்னன்னா காலைல ஒரே செல்ஃப்ல எடுக்குது, டவுனுக்குள்ள எவ்வளவு சுத்தினாலும் ஒண்ணும் பண்ணல, ஆனா பைபாஸ்ல ஏத்தி முக்கால் மணி நேரம் போல ஓட்டினா ஆக்சிலேட்டர் மிதிச்சும் இழுக்காம திக்கித் திக்கி அப்படியே ஆஃப் ஆகிடுது. செல்ஃப் நல்லா சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகல, ஓரங்கட்டி அரை மணி நேரம் விட்டா எதுவுமே நடக்காத மாதிரி எடுத்துக்கிட்டு போகுது. போன வாரம் விராலிமலை தாண்டி குழந்தைங்களோட ரோட்டோரம் நின்னோம், லாரி போற வேகத்துல வண்டியே ஆடுது, மனசே சரியில்ல.

மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார், பம்ப் சம்பந்தமா ஃபால்ட் கோடு (கோளாறு நம்பர்) எதுவும் வரல. பின்சீட்டுக்கு அடியில பம்ப் கப்ளரை (ஒயர் பிளக்கை) கழட்டி மீட்டர் வச்சார், 12 வோல்ட் காட்டுது, "கரண்ட் கரெக்டா வருது, அப்ப பம்ப்தான் போச்சு"ன்னு சொல்றார். பம்ப் அசெம்பிளி ஏழாயிரத்துக்கு மேல ஆகுமாம். காசு போனா போகுது, ஆனா மாத்தினப்புறம் திரும்ப ரோட்டுல நின்னா என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொங்கு_ஆட்டோ_எலக்ட்ரீசியன்

தம்பி, பம்ப்புக்கு ஆர்டர் குடுத்துடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. கப்ளரை கழட்டிட்டு மீட்டர் வச்சா 12 வோல்ட் காட்டத்தான் செய்யும், அதை வச்சு ஒயர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணக்கூடாதுங்க. மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒண்ணுமே இல்ல, ஒயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட முழு வோல்ட்டும் வந்து நிக்கும். பம்ப் ஓடும்போது 4, 5 ஆம்பியர் இழுக்கும், அப்பதான் அந்த ஒத்தை இழையோட வண்டவாளம் தெரியும். பாதி அடைச்ச பைப்ல குழாயை மூடி வச்சா பிரஷர் முழுசா இருக்கும், திறந்துவிட்டா சொட்டு சொட்டா வரும் பாருங்க, அதே கதைதான்.

ஸ்கேனர்ல கோடு வரலைங்கிறதும் ஒரு ஆதாரம் இல்ல. இந்த மாதிரி வண்டிகள்ல பெரும்பாலும் ஈசியூ, அதாவது இஞ்சினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், பம்ப் ரிலேயோட (பம்ப்புக்கு கரண்ட் போட்டு விடுற சுவிட்ச்) காயிலைத்தான் எர்த் பண்ணி ஓட்டும், ரிலேக்கு அப்புறம் பம்ப் வரைக்கும் கரண்ட் போய்ச் சேருதான்னு அதுக்கு தெரியாது. பெட்ரோல் கம்மியா போய் மிக்சர் லீன் ஆனா (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) பி0171ங்கிற கோடு வரலாம், அதுவும் கொஞ்ச நேரம் அப்படியே ஓடினாத்தான்.

மொதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, நிக்கும்போது சாவியை ஆஃப் பண்ணின மாதிரி பட்டுனு நிக்குதா, இல்ல இழுவை குறைஞ்சு திக்கித்தான் நிக்குதா? ரெண்டாவது, நின்னப்புறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் லேசா எழும்புதா, அசையாம கிடக்குதா?

ஸ்பானர்_செல்வம்

அண்ணன் ஏன் கேக்குறார்னா, கிராங்க் சென்சார் (இஞ்சின் சுத்துறதை ஈசியூவுக்கு சொல்ற சென்சார்) சூட்டுல போனாலும் இதே மாதிரிதான் நிக்கும், ஆறினா எடுத்துக்கும். கிராங்க் சிக்னல் வரலைன்னா இஞ்சின் சுத்தலைன்னு நினைச்சு ஈசியூ பம்ப் ரிலேயையும் விட்டுடும், நாம பம்ப் ஓடலையேன்னு டேங்க் பக்கமே தேடிட்டு இருப்போம். ஆனா அதுல பட்டுனு நிக்கும், ஸ்பார்க்கும் வராது, நிறைய வண்டில முள்ளும் எழும்பாது.

இன்னொண்ணு, எல்பிஜி போட்டு கழட்டின வண்டின்னு சொல்றீங்க, எனக்கு டவுட்டே அங்கதான் ப்ரோ. சில கிட்ல கேஸ்ல ஓடும்போது பெட்ரோல் பம்ப் ஓடக்கூடாதுன்னு பம்ப் ஒயரை நடுவுல வெட்டி ஒரு ரிலே போடுவாங்க, கிட்டை கழட்டும்போது அந்த வெட்டின ஒயரை முறுக்கி டேப் சுத்தி விட்டுட்டு போயிடுவாங்க. சென்டர் லாக், அலாரம் போடுற கடைலயும் இதே வேலை நடக்கும். டேஷ்போர்டுக்கு அடியிலயும் பின்சீட்டுக்கு போற ஒயர் கட்டுலயும் கருப்பு டேப் புதுசா தெரியுதான்னு பாருங்க. அப்புறம் கேஸ்ல ஓட்டினவங்க டேங்க்ல பெட்ரோலை கொஞ்சமாத்தான் வச்சிருப்பாங்க, டேங்குக்குள்ள இருக்கிற பம்ப்புக்கு பெட்ரோல்தான் கூலிங், அதனால பம்ப்பும் அடி வாங்கியிருக்கலாம், அதையும் இப்பவே இல்லைன்னு சொல்ல முடியாது.

மணப்பாறை_வண்டி

திக்கித் திக்கித்தான் நிக்குது, பட்டுனு இல்ல. முள் செல்ஃப் அடிக்கும்போது 200, 300 கிட்ட எழும்புது. வேற ஒண்ணும் கவனிச்சேன், காலைல கீ ஆன் பண்ணினா பின்னாடி ரெண்டு செகண்ட் "ங்ங்"னு சத்தம் நல்லா கேக்குது, நின்னப்புறம் அதே சத்தம் ரொம்ப மெலிசா இழுத்துக்கிட்டு வருது.

கொங்கு_ஆட்டோ_எலக்ட்ரீசியன்

நல்லா கவனிச்சிருக்கீங்க. முள் எழும்புது, பம்ப்பும் மெலிசா ஓடுது, அப்படின்னா ரிலே போடுது, கிராங்க் சென்சாரும் வேலை செய்யுது, கரண்ட் பத்தாம ஓடுது இல்ல பம்ப்பே இறுகிப்போச்சு. இது ரெண்டையும் பிரிக்க வோல்டேஜ் டிராப் (ஒயர் வழியில வீணாகிற வோல்ட்) பார்த்தா போதும், ஆனா ஃபால்ட் இருக்கும்போதே பார்க்கணும், ஆறினப்புறம் பார்த்தா எல்லாம் சரியாத்தான் காட்டும். அதனால நல்லா ஓட்டி சூடேத்தி, நின்னதும் பாதுகாப்பா ஒரு இடத்துல ஓரங்கட்டி செய்யுங்க, முடிஞ்சா மெக்கானிக்கை கூடவே கூட்டிட்டு போங்க. கதவு நாலையும் திறந்து விடுங்க, பெட்ரோல் வாடை லேசா அடிச்சாலும் மீட்டரைத் தொடாதீங்க. பின்சீட்டு பக்கம் எந்த ஒயரையும் தீப்பொறி வர்ற மாதிரி தொட்டுப் பார்க்கவே கூடாது.

கீ ஆன்ல பம்ப் ரெண்டு செகண்ட்தான் ஓடும், அளக்க நேரம் பத்தாது. அதனால பம்ப் ரிலேயை பிடுங்கிட்டு சாக்கெட்ல 30, 87 ரெண்டுக்கும் நடுவுல 15 ஆம்பியர் ஃபியூஸ் வச்ச ஒயர் ஒண்ணு போட்டு பம்ப்பை நேரா ஓடவிடுங்க. 85, 86 காயில் லைன், அதுல கை வைக்காதீங்க, அது ஈசியூவுக்கு போகுது. நம்பர் இல்லைன்னா ரிலே மூடி மேலயே படம் போட்டிருக்கும், அதுவும் புரியலைன்னா உங்க மெக்கானிக்கையே செய்யச் சொல்லுங்க.

பம்ப் ஓடும்போது கப்ளரை கழட்டாம, பின்பக்கமா ஒயர் நுழையிற இடத்துல மெல்லிசு ஊசி முனையை விட்டு அளக்கணும். பேட்டரி பிளஸ்ல ஒரு முனை, பம்ப் பிளஸ் ஒயர்ல ஒரு முனை, அது பிளஸ் பக்கம் வீணாகிற வோல்ட். பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, பம்ப் எர்த் ஒயர்ல ஒரு முனை, அது எர்த் பக்கம் வீணாகிறது. பேட்டரி வரைக்கும் நீளமா ஒரு ஒயர் வேணும், எடுத்து வச்சுக்கங்க. பிளஸ்ல அரை வோல்ட் வரைக்கும் விடலாம், எர்த்ல 0.2 தாண்டினாலே எனக்கு பிடிக்காது. ரெண்டு பக்கமும் கம்மியா இருந்து பம்ப் அப்பவும் திக்கினா பம்ப்பை மாத்துங்க, நானே சொல்றேன்.

ஸ்பானர்_செல்வம்

ரிலேயும் சூட்டுல உள்ள சால்டர் விட்டு இப்படி பண்ணும். நிறைய வண்டில ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே சைஸ், நம்பர் ஒத்துப்போனா மாத்திப் போட்டு பார்க்கலாம். இவர் சொல்ற மாதிரி ரிலேயை பிடுங்கி நேரா ஓட்டும்போதும் பம்ப் மெலிசாவே ஓடினா ரிலே மேல தப்பு இல்லன்னு அங்கயே முடிஞ்சுடும்.

மணப்பாறை_வண்டி

மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கிட்டு திண்டுக்கல் ரோட்டுல போய் பார்த்தாச்சு. நின்னதும் ஒரு டீக்கடை பக்கம் மரத்தடில போட்டுட்டு நீங்க சொன்ன மாதிரியே அளந்தோம். பேட்டரி 12.4, பம்ப் ரெண்டு ஒயருக்கும் நடுவுல வெறும் 7.8 தான்! பிளஸ் பக்கம் டிராப் 0.3, எர்த் பக்கம் 4.3. மெக்கானிக் அண்ணனே மீட்டரை மாத்தி மாத்தி வச்சு பார்த்தார்.

எர்த் ஒயரை பிடிச்சுக்கிட்டே போனா டிக்கில கார்பெட்டுக்கு அடியில போகுது. கேஸ் டேங்க் பிராக்கெட் இருந்த இடத்துக்கு பக்கத்துல பெயின்ட் மேலயே ஒரு தகர ஸ்குரூ போட்டு எர்த் லக்கை (ஒயர் முனையில இருக்கிற வளையத்தை) இறுக்கி வச்சிருக்காங்க, சுத்தியும் துரு, லக்ல பச்சை பூத்திருக்கு, ஒயர் மேல் தோல் கருகி பிரவுன் கலர்ல இருக்கு, தொட்டா கை சுடுது. செல்வம் ப்ரோ சொன்ன முறுக்கின ஜாயின்ட்டும் ஸ்டீரிங்குக்கு அடியில இருந்துச்சு, அதுல டிராப் பெருசா இல்லைன்னாலும் அதையும் வெட்டி சால்டர் வச்சு ஸ்லீவ் போட்டாச்சு.

ஒரு சந்தேகம், ஒரு ஸ்குரூ எப்படி இவ்வளவு நேரம் ஓடவிட்டு அப்புறம் மட்டும் வேலையைக் காட்டுது? டவுன்ல ஏன் வரல?

கொங்கு_ஆட்டோ_எலக்ட்ரீசியன்

4.3 வோல்ட் அங்க வீணாகுது, பம்ப் அந்த நேரத்துல 3 ஆம்பியர் இழுத்திருந்தாக்கூட 13 வாட் சூடு அந்த ஒரு ஸ்குரூலயே இறங்குது. சூடாக சூடாக ரெசிஸ்டன்ஸ் ஏறும், ரெசிஸ்டன்ஸ் ஏறினா இன்னும் சூடாகும், விட்டா ஆறி உலோகம் பழையபடி உட்கார்ந்துக்கும், அதான் அரை மணி நேரத்துல எடுத்துக்கிச்சு. டவுன்ல நின்னு நின்னு போறீங்க, இஞ்சினுக்கு பெட்ரோல் கம்மியா போதும், பம்ப் கொஞ்சம் மெலிசா ஓடினாலும் சமாளிச்சுக்கும். பைபாஸ்ல ஆக்சிலேட்டர் மிதிச்சுக்கிட்டே போகும்போது கேக்குற அளவு பெட்ரோல் வராது, 3 பார் கிட்ட நிக்க வேண்டிய பிரஷர் இறங்கிடும்.

இப்ப செய்ய வேண்டியது, அந்த தகர ஸ்குரூ ஓட்டையே வேண்டாம். பக்கத்துல பாடியோட வந்த போல்ட் இருந்தா அங்க பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகரம் தெரியிற வரைக்கும் தேய்ங்க, கருகின ஒயரை நல்ல செம்பு தெரியிற இடம் வரைக்கும் வெட்டிட்டு புது லக் கிரிம்ப் பண்ணி பல் வாஷர் போட்டு இறுக்குங்க. இறுக்கினப்புறம் மேல கிரீஸோ பெயின்ட்டோ அடிங்க, நடுவுல அடிச்சுடாதீங்க. திரும்ப சூடேத்தி எர்த் டிராப் எவ்வளவுன்னு சொல்லுங்க. டிக்கில தண்ணி எங்கருந்து வருதுன்னும் பாருங்க, டெயில் லேம்ப் ரப்பர் போயிருக்கும்.

மணப்பாறை_வண்டி

புது லக், பாடி போல்ட், பல் வாஷர் எல்லாம் போட்டாச்சு. மதுரை வரைக்கும் ஏசி போட்டு நல்ல வெயில்ல போயிட்டு வந்து அளந்தோம், எர்த் டிராப் 0.06, பம்ப்புல 12.1. டெயில் லேம்ப் ரப்பர் இடது பக்கம் கிழிஞ்சிருக்கு, அதுக்கும் சொல்லி வச்சிருக்கேன். பம்ப் பழசுதான் ஓடுது. கொங்கு அண்ணே, செல்வம் ப்ரோ, ரொம்ப நன்றி, மெக்கானிக் அண்ணனும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

ஸ்பானர்_செல்வம்

சூப்பர் ப்ரோ. கால் டேங்குக்கு கீழ விடாம ஓட்டுங்க. அந்த கருகின லக்கை ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க, கிட் கழட்டின வண்டி வாங்குறவங்க எங்க பார்க்கணும்னு தெரிஞ்சுக்கட்டும்.